நிலமும் பொழுதும்: புதிய உயிரினங்கள் தோன்றும் வரலாறு

அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார் தொல்காப்பியர். அவற்றுள் முதற்பொருள் என அவர் வைத்தவை நிலமும் பொழுதும். விலங்கும் பறவையும் மரமும் உணவும் கருப்பொருள்கள். அவை நிலத்தையும் பொழுதையும் சார்ந்து நிற்பவை. இலக்கியம் பயில்வோர் இதனைப் பாட்டின் இலக்கணமாகவே கற்கிறோம், கற்பிக்கிறோம். எனினும், எந்த விலங்கு, எந்தப் பறவை என்னும் வினாவுக்கு முன்னர் எந்த நிலம், எந்தக் காலம் என்னும் வினா எழவேண்டும் என்ற இவ்வரிசைமுறை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயிரியல் தட்டுத்தடுமாறிக் கண்டடைந்த வரிசைமுறையோடு ஒத்துநிற்பது எண்ணத்தக்கது.

பரிணாமக் கொள்கையைத் தொல்காப்பியர் அன்றே அறிந்திருந்தார் என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வாறு கூறுவது அவருக்கும் பெருமை தாராது. அறிவியலுக்கும் நீதி செய்யாது. நிலம் பிரிந்தால் உயிரும் பிரியும் என்னும் எண்ணம் எவ்வாறு முளைத்தது, எவ்வாறு மறுக்கப்பட்டது, எவ்வாறு நிலைபெற்றது என்று காட்டுவதே நோக்கம். அவ்வரலாற்றில் கவிதை எழுதுவோர்க்கும் ஒரு செய்தி இருப்பதால் இம்மலரில் அதனைச் சொல்ல முற்பட்டேன்.

சிற்றினம் என்பது யாது?

தமக்குள் கூடி, மேலும் இனம்பெருக்கவல்ல வழித்தோன்றல்களை ஈனும் உயிர்களின் கூட்டத்தைச் சிற்றினம் என்பர் உயிரியலார். குதிரையும் கழுதையும் கூடினால் கோவேறு கழுதை பிறக்கும். ஆனால் கோவேறு கழுதை பெரும்பாலும் மலடு. ஆகவே குதிரையும் கழுதையும் வெவ்வேறு சிற்றினங்கள். உருவ ஒற்றுமை மட்டும் இங்கே அளவுகோலாகாது. கலக்க முடிவதும் முடியாமற் போவதுமே அளவுகோல்.

இவ்வரையறையை ஏற்றால் ஒரு புதிர் எழுகிறது. ஒரே கூட்டமாகக் கலந்து வாழும் உயிர்கள், ஒன்றோடொன்று கலவாத இரு கூட்டங்களாக எங்ஙனம் பிரியும்? ஒரு குட்டியிடம் புதிதாய்த் தோன்றும் வேறுபாடு, அது பிறரோடு கூடக்கூடத் தலைமுறை தோறும் பொதுவில் கரைந்துபோகுமன்றோ? கரையாமல் காப்பது எது? இவ்வினாவுக்கு விடை தேடியதே நாம் காணப்போகும் வரலாறு.

பள்ளத்தாக்கும் தீவும்

ஜெர்மானிய நிலவியலறிஞர் லியோபோல்டு ஃபான் புக் 1815இல் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள கேனரித் தீவுகளுக்குச் சென்றார். எரிமலையை ஆராயச் சென்றவர் செடிகளையும் நோக்கினார். மலைமுகடுகளால் பிரிக்கப்பட்ட பள்ளத்தாக்குகளில் ஒரே வகைச் செடி சற்றே வேறுபட்ட வடிவங்களில் நிற்கக் கண்டார். பரந்த நிலத்தில் தோன்றும் வேறுபாடுகள் கலப்பினால் மறைந்துபோகும். ஒதுங்கிய இடத்தில் தோன்றுபவை நிலைத்து, இறுதியில் தனிச் சிற்றினமாகிவிடும் என்று 1825இல் எழுதினார். டார்வினின் நூல் வெளிவருவதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்விதை ஊன்றப்பட்டுவிட்டது.

சார்லஸ் டார்வின் ‘பீகிள்’ கப்பலில் கலாபகோஸ் தீவுகளை அடைந்தது 1835 செப்டம்பரில். தென்னமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், கடலடி எரிமலைகள் எழுப்பிய தீவுக்கூட்டம் அது. ஏறத்தாழ ஐந்து வாரங்களில் அவர் நான்கு தீவுகளில் இறங்கினார். அங்கிருந்த துணை ஆளுநர் லாசன் என்பவர், ஓர் ஆமையைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்தத் தீவினது என்று தம்மால் சொல்ல இயலும் என்றார். டார்வின் அப்போது அச்சொல்லின் எடையை உணரவில்லை. கப்பலில் ஏற்றப்பட்ட ஆமைகள் உணவாயின. சுட்டுச் சேர்த்த குருவிகளைப் பெரும்பாலும் தீவுப்பெயர் எழுதாமலேயே ஒன்றாக வைத்துவிட்டார்.

நல்வாய்ப்பாக ஒரு பறவை மட்டும் அவர் கண்ணை உறுத்தியது. பிற பறவைகளின் குரலைப் போலச் செய்யும் ‘மாக்கிங்’ பறவை அது. முதல் தீவில் கண்டதற்கும் இரண்டாம் தீவில் கண்டதற்கும் வேறுபாடு தெரியவே, அவற்றை மட்டும் தீவு வாரியாகக் குறித்துவைத்தார். 1837இன் தொடக்க மாதங்களில் லண்டனில் பறவையியலறிஞர் ஜான் கூல்டு அவற்றை ஆராய்ந்து, அவை மூன்று தனித்தனிச் சிற்றினங்கள் என்றார். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை என டார்வின் எண்ணியிருந்த, பலவகை அலகுகளையுடைய சிறுபறவைகளோ ஒரே குடும்பத்துக் குருவிகள் எனத் தெரியவந்தது. எந்தக் குருவி எந்தத் தீவில் கிடைத்தது என்பதை அறிய, கப்பலில் உடன்வந்த பிறர் தீவுப்பெயரோடு சேர்த்துவைத்திருந்தவற்றை டார்வின் நாடவேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் அவர் இனமாற்றம் பற்றிய முதற் குறிப்பேட்டைத் தொடங்கினார்.

பறவையின் உடல் கையில் இருந்தது. அலகும் இறகும் இருந்தன. இடப்பெயர் மட்டும் இல்லை. அஃது இல்லாதபோது பொருளே விளங்கவில்லை. சீட்டில் எழுத மறந்த ஒரு தீவின் பெயரே அறிவியலின் மாபெரும் வினாவுக்குத் திறவுகோலாய் இருந்தது.

ஆற்றின் எந்தக் கரை?

இதனை டார்வினினும் கூர்மையாக வற்புறுத்தியவர் ஆல்ஃபிரெட் ரஸல் வாலஸ். செல்வமோ பல்கலைக்கழகப் பட்டமோ இல்லாத அவர், உயிர்களைச் சேகரித்து விற்றே பயணச்செலவை ஈட்டினார். அமேசான் காடுகளில் 1848 முதல் நான்காண்டுகள் அலைந்தார். திரும்பும் வழியில் 1852 ஆகஸ்டில் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. சேகரித்தவற்றின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஊர் திரும்பிய சில வாரங்களில், எஞ்சிய குறிப்புகளையும் நினைவையும் துணையாகக் கொண்டு, அமேசான் குரங்குகள் பற்றிய கட்டுரை ஒன்றை லண்டன் விலங்கியல் கழகத்தில் படித்தார்.

அக்கட்டுரையில் அவர் சொன்னது இது. அமேசானும் நீக்ரோவும் மதைராவும் குரங்குகளுக்கு எல்லைகளாய் நிற்கின்றன. ஒரு கரையில் நீரோரம் வரை காணப்படும் குரங்கு மறுகரையில் தென்படுவதே இல்லை. அவ்விடத்து வேட்டைக்காரர் இதனை நன்கறிவர். வேண்டிய குரங்கைப் பிடிக்க ஆற்றைக் கடந்து செல்வர். அருங்காட்சியகச் சீட்டுகளிலோ ‘தென்னமெரிக்கா’, ‘அமேசான்’ என்று மட்டுமே எழுதியிருக்கும். ஆற்றின் எந்தக் கரை என்று எழுதாவிட்டால் அச்சீட்டினால் பயன் இல்லை என்றார் வாலஸ்.

கலாபகோஸில் லாசன் அறிந்திருந்ததும் அமேசானில் வேட்டைக்காரர் அறிந்திருந்ததும் ஒன்றே. நிலத்தில் வாழ்வோர்க்குத் தெரிந்திருந்த உண்மை நூலறிஞர்க்குப் பின்னரே தெரிந்தது.

வாலஸ் மலேயத் தீவுக்கூட்டத்தில் இருந்தபோது, 1855இல், சரவாக்கிலிருந்து மற்றொரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு சிற்றினமும் தனக்கு நெருங்கிய உறவுடைய வேறொரு சிற்றினத்தோடு இடத்தாலும் காலத்தாலும் அடுத்தே தோன்றியுள்ளது என்பது அதன் சாரம். இடமும் காலமும்! நம் மொழியில் சொன்னால் நிலமும் பொழுதும். இவ்விரண்டும் இன்றி உயிரின் தோற்றத்தைப் பேச இயலாது என்பதை ஒரே வாக்கியத்தில் அடக்கியவர் அவர். 1858 ஜூலை முதல் நாள் லின்னேயன் கழகத்தில் டார்வினின் எழுத்தும் வாலஸின் கட்டுரையும் சேர்த்துப் படிக்கப்பட்டன. மறு ஆண்டு டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது.

மறுப்பும் நிலைபேறும்

இதன்பின் பிரிவின் முதன்மை உடனே ஏற்கப்பட்டிருக்கும் என எண்ணுவோம். நடந்தது வேறு. தீவுகளிலிருந்து தம் சிந்தனையைத் தொடங்கிய டார்வினே, தம் நூலில் இயற்கைத் தேர்வை முன்நிறுத்தி இடப்பிரிவைப் பின்னுக்குத் தள்ளினார். பிரிவு துணைசெய்யும், ஆயினும் புதிய சிற்றினங்கள் தோன்றப் பரந்த நிலப்பரப்பே பெரிதும் ஏற்றது என்பது அவர் கருத்து.

இதனை மறுத்து எழுந்தவர் ஜெர்மானியப் பயணி மோரிட்ஸ் வாக்னர். இளமையில் அல்ஜீரியாவில் சுற்றியபோது, பறக்கவியலாத வண்டுகள் ஆற்றின் இருகரைகளிலும் வேறு வேறு சிற்றினங்களாய் இருக்கக் கண்டவர். இடம்பெயர்ந்து பிரிந்தாலன்றிப் புதிய சிற்றினம் தோன்றவே முடியாது என 1868இல் நூல் எழுதினார். பிரிவு இருந்தால் இயற்கைத் தேர்வே தேவையில்லை என்னும் எல்லைக்கும் பிற்காலத்தில் அவர் சென்றமையால், அவருடைய உண்மையும் சேர்த்தே ஒதுக்கப்பட்டது.

ஹவாய்த் தீவில் பிறந்து, பின்னர்ச் சமயப் பணியாளரான ஜான் கூலிக் மற்றொரு சான்றைத் தந்தார். ஒவாஹுத் தீவின் அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளில் மரநத்தைகள் வெவ்வேறு வடிவிலும் நிறத்திலும் வாழ்ந்தன. மழையும் மரமும் உணவும் ஏறக்குறைய ஒன்றே. இடையில் நின்றது ஒரு மலைமுகடு மட்டுமே. சூழல் ஒன்றாயிருந்தும் உயிர் வேறுபட்டதேன்? பிரிவே காரணம் என 1872இல் எழுதினார்.

இச்சிதறிய சான்றுகளை ஒருங்கே தொகுத்தவர் எர்ன்ஸ்ட் மேயர். இளைஞராக நியூகினியிலும் சாலமன் தீவுகளிலும் பறவைகளைச் சேகரித்தவர். நியூகினிப் பெருநிலம் நெடுகிலும் அவ்வளவாக வேறுபடாத ஒரு மீன்கொத்தி, கரையை ஒட்டிய சிறு தீவுகளில் தீவுக்கொரு வடிவமாய் இருப்பது அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 1942இல் வெளியிட்ட நூலில், புவியியல் தனிமையே விலங்குகளில் புதிய சிற்றினம் தோன்றும் முதன்மை வழி என அவர் நிறுவினார்.

அவ்வழி மூன்று படிகளை உடையது. முதலில் கடலோ மலையோ ஆறோ ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. அடுத்து, இருபுறமும் மரபணுக்களில் வெவ்வேறு மாற்றங்கள் சேர்கின்றன. சிலவற்றை அவ்வவ்விடத்து இயற்கைத் தேர்வு நிலைநிறுத்துகிறது. சிறு கூட்டங்களில் வெறும் தற்செயலும் நிலைநிறுத்துகிறது. மூன்றாவதாக, தடை நீங்கி இருசாராரும் மீண்டும் சந்திக்கலாம். அப்போது கலந்து ஒன்றாகிவிட்டால் அது பிரிந்திருந்த காலம் மட்டுமே. கலவாவிட்டால் அவை இரு சிற்றினங்கள். பனாமா நிலஇடுக்கு ஏறத்தாழ முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எழுந்து இரு கடல்களைப் பிரித்தது. அதன் இருபுறத்து இறால்களை ஒரே தொட்டியில் இட்டுப் பார்த்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. உடன்பிறப்புகள்போல் தோன்றிய அவை இணைவதைத் தவிர்த்தன, ஒன்றையொன்று எதிர்த்தன. கடலுயிர்க்கு நிலமே கடல் போலும்!

மொழியியல் பயின்றோர்க்கு இங்கே ஓர் ஒப்புமை தோன்றும். சிற்றினங்கள் பிரிவதும் மொழிகள் பிரிவதும் பலவகையில் ஒத்தவை என்று டார்வினே 1871இல் எழுதியுள்ளார். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் வழங்கிய தமிழ் மலையாளமாய்த் தனித்ததை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆனால் ஒப்புமைக்கும் எல்லை உண்டு. பிரிந்த மொழிகள் எத்தனை நூற்றாண்டு கழிந்தாலும் சொற்களைக் கடன் வாங்கலாம், கொடுக்கலாம். உயிரினங்களுக்கோ ஓர் எல்லையைக் கடந்தபின் அக்கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் இல்லை. மொழியின் கதவு சாத்தப்பட்டாலும் தாழிடப்படுவதில்லை. உயிரின் கதவு ஒருநாள் தாழிடப்படுகிறது.

பாட்டே வேலியாதல்

அக்கதவு தாழிடப்படும் தருணத்தை மனிதக் கண் காணுமா? ஏறத்தாழக் கண்டவர்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர். கலாபகோஸின் டாப்னி மேஜர் என்னும் சிறு தீவில் 1973 முதல் பல பத்தாண்டுகள் குருவிகளைக் கண்காணித்தவர்கள் இவர்கள். 1981இல் அத்தீவில் ஓர் அயல் ஆண்குருவி தென்பட்டது. உள்ளூர்க் குருவிகளைவிடப் பெரிய உடல். பாடிய பாட்டும் வேறு. அது நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எஸ்பனோலாத் தீவிலிருந்து வந்தது என்பதைப் பின்னாளில் மரபணு ஆய்வு காட்டியது.

திரும்பிச் செல்ல வழியற்ற அக்குருவி உள்ளூர்ப் பெடையோடு கூடியது. இக்குருவிகளில் ஆண்குஞ்சு தந்தையிடமிருந்தே பாட்டைக் கற்கும். பெடை பாட்டைக் கேட்டே துணையைத் தேரும். வந்தேறியின் மக்கள் தந்தையின் பாட்டைப் பாடின. உள்ளூர்ப் பெடைகள் அப்பாட்டுக்குச் செவிசாய்க்கவில்லை. ஆகவே சில தலைமுறைகளுக்குள் அவ்வழியினர் தமக்குள் மட்டுமே கூடலாயினர். ஏறத்தாழ முப்பது பறவைகள் கொண்ட தனிக்குடியாக அது வளர்ந்ததை விவரிக்கும் ஆய்வு 2017இல் வெளியாயிற்று. கடல் தொடங்கிய பிரிவைப் பாட்டு முடித்துவைத்தது.

எந்நிலத்துப் பூவும் பறவையும் வேறு நிலத்தில் வருமாயின் வந்த நிலத்துக்கே உரியனவாகக் கொள்க என்னும் பொருள்பட ஒரு நூற்பாவைத் தொல்காப்பியர் அமைத்திருப்பதை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை. வந்த நிலம் அப்பறவையை ஏற்றது. ஆனால் அது தன் பாட்டை விடவில்லை.

சோலையின் பெயர் தாங்கிய பறவை

இதே கதை நம் மலைகளிலும் நிகழ்ந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுஞ்சுவரில் பாலக்காட்டுக் கணவாய் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள திறப்பு. நமக்கு அது வழி. உயர்மலையின் குளிரில் மட்டும் வாழும் பறவைக்கு அது கடல். கணவாய்க்கு வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் பழனிமலையும் அத்தகைய பறவைகளுக்குத் தீவுகளே. வானளாவும் இம்மலைமுடிகளை ‘வான்தீவுகள்’ என்றே அறிவியலார் அழைக்கின்றனர்.

சோலைக்காட்டின் நிழலில், தரையை ஒட்டித் திரியும் சிறிய நீலநிறப் பறவை ஒன்று உண்டு. வடக்கே உள்ளதற்கு விலாப்புறம் செம்பழுப்பு. தெற்கே உள்ளதற்கு அந்நிறம் இல்லை. இவ்விரண்டும் நெடுங்காலம் ஒரே சிற்றினத்தின் இரு வகைகளாக எண்ணப்பட்டன. வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலியோர் 2010இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, கணவாய்க்கு இருபுறத்துப் பறவைகளும் இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்துவிட்டன எனக் காட்டியது. 2017இல் இப்பறவைகளுக்குப் புதிய பேரினப் பெயரும் சூட்டப்பட்டது. ‘ஷோலிகோலா’ என்பது அப்பெயர். சோலையில் வாழ்வது என்பது பொருள். உலகப் பறவைகளின் இலத்தீன் பெயர்ப் பட்டியலில் நம் ‘சோலை’ என்னும் சொல் ஓர் உயிரின் முகவரியாய் நிலைபெற்றுவிட்டது. கலாபகோஸ் குருவிகளின் சீட்டில் விடுபட்டதை, இப்பறவை தன் பெயரிலேயே தாங்கிநிற்கிறது.

ஆனால் மகிழ்ச்சியோடு நிற்க முடியவில்லை. இப்பறவைகளின் பாட்டைப் பதிவுசெய்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. பழைய கணவாய்களால் பிரிந்த கூட்டங்களின் பாட்டு மட்டுமன்றி, அண்மைக்காலத்தில் காடு அழிக்கப்பட்டதால் பிரிந்த கூட்டங்களின் பாட்டும் வேறுபடத் தொடங்கியிருப்பதை அது தெரிவித்தது. நிலம் செய்த பிரிவின் அருகில் நாம் செய்த பிரிவும் நிற்கிறது.

பிரிவுதானே புதுமையைப் படைக்கிறது, காடு துண்டுபட்டால் புதிய சிற்றினங்கள் பெருகாவோ என்று ஒருவர் வினவலாம். விடை பொழுதில் இருக்கிறது. கணவாய் பறவைக்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள் தந்தது. தேயிலைத் தோட்டமும் தைல மரக்காடும் சீகை மரக்காடும் வந்து இரு நூற்றாண்டுகூட நிறையவில்லை. துண்டுபட்ட சோலையில் எஞ்சிய சில பறவைகள் வேறாக மாறுமுன் இல்லாமற்போகவே வாய்ப்பு மிகுதி. நிலம் மட்டும் முதற்பொருள் அன்று, பொழுதும் முதற்பொருள்.

பிரிவு படைத்ததைப் பிரிவின் முடிவும் அழிக்கும். கூலிக் ஆராய்ந்த ஹவாய் நத்தைகளின் தீவுக்கு, வேறொரு நத்தையை ஒழிக்கவென்று 1955இல் ஊனுண்ணி நத்தை ஒன்று கொண்டுவரப்பட்டது. தனிமையில் வளர்ந்தவை அப்பகையை அறிந்திருக்கவில்லை. கூலிக்குக்குச் சான்று தந்த பேரினத்தில் பல சிற்றினங்கள் மறைந்தன. அவற்றுள் ஒன்றின் கடைசி நத்தை, ‘ஜார்ஜ்’ எனப் பெயரிடப்பட்டு ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டது, 2019 ஜனவரி முதல் நாள் இறந்தது. கலாபகோஸின் பின்டாத் தீவு ஆமையினத்தின் கடைசி ஆண், அதற்கும் ‘ஜார்ஜ்’ என்றே பெயர், 2012 ஜூன் 24 அன்று மடிந்தது. லாசன் பார்த்த மாத்திரத்தில் தீவுப்பெயர் சொல்லக்கூடிய ஆமைவகைகளுள் ஒன்று இன்று இல்லை.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

ஓர் உயிர் எங்கே வாழ்கிறது என்பது அதனைப் பற்றிய பல செய்திகளுள் ஒன்றன்று. அஃது அவ்வுயிர் ஆனதன் காரணம். இடப்பெயரை நீக்கினால் எஞ்சுவது தோலும் இறகுமே. இவ்வரலாறு கற்பிப்பது இதுவே.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தில் படிக்கப்பட்ட கவிதைகளை எண்ணிப் பார்க்கிறேன். அவற்றுள் பறவைகள் பறக்கின்றன, பாடுகின்றன, கூடு கட்டுகின்றன. பெரும்பாலானவற்றில் அது ‘ஒரு பறவை’; மரம் ‘ஒரு மரம்’; மலை ‘ஒரு மலை’. வாலஸ் குறைப்பட்டுக்கொண்ட அருங்காட்சியகச் சீட்டுகளையே இவை நினைவூட்டுகின்றன. எந்தப் பறவை? ஆற்றின் எந்தக் கரை? நம் பழம்பாடலாசிரியர்கள் இவ்வினாக்களுக்கு விடை சொல்லியே பாடினர். நிலம் சொல்லாமல் அவர்களுக்குப் பாட்டுத் தொடங்கவில்லை.

இனி எழுதும் கவிதைகளில் அப்பெயர்களை எழுதுவோம். பெயர் எழுதினால் காடு பிழைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஆயினும், இருந்தது எது, எங்கே இருந்தது என்று எழுதப்படாத ஒன்று மறையும்போது, மறைந்தது என்பதுகூட எவருக்கும் தெரியாமற் போகும். சீட்டு எழுதும் கடமை அறிவியலார்க்கு மட்டும் உரியதன்று.